பித்தளைச் சொட்டு

எங்கள் தெருவில் சைக்கிள் பிரேம் கட்டிய அந்தக் கணவன் மனைவிக்குள் ஒரே ஒரு சண்டைதான். அது கல்யாணமான நாளிலிருந்து ஓயவே இல்லை. அவர் கேஸ் தீயில் பித்தளையை உருக்கிக் குழாய்களை ஒட்டுவார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவள், செய்வது ஆர்கான் வெல்டிங். இரும்பை இரும்போடு உருக்கிச் சேர்க்காமல் இதென்ன பாத்திரத்துக்கு ஓட்டை அடைக்கிற வேலை என்று அவரை வாரிக்கொண்டே இருப்பாள். மெல்லிசுக் குழாய், உன் சூட்டுக்குத் தாங்காது என்பார் அவர். இருவர் கட்டியதற்கும் பக்கத்துக் கடையில் பெயிண்ட் அடிப்பவன் நான். எது உசத்தி என்று என்னிடம் கேட்பார்கள். மழுப்பிவிடுவேன்.

ஒருநாள் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பட்டறையில் அப்போது அவருடைய தங்கையின் சைக்கிள் பாதியில் நின்றது. அவள் குள்ளம்; கடையில் விற்கும் எதுவும் காலுக்கு எட்டாது. குழாய்களை அளந்து வெட்டி, இணைப்புக்கு ஒரு சொட்டுப் பித்தளை வைத்து நிறுத்தியிருந்தார். அது நிற்கும், அவ்வளவுதான், ஏறினால் கழன்றுவிடும்.

"அண்ணன் கை பட்டதுல எனக்குன்னு இது ஒண்ணுதான் அண்ணி இருக்கு. முடிச்சுக் குடுங்க" என்றாள் நாத்தனார்.

அதில்தான் சிக்கல். பித்தளை பட்ட இடத்தில் ஆர்கான் வெல்டிங் செய்தால் விரிசல் விடும். அக்கா தன் வழியில் முடிக்க வேண்டுமென்றால் அவர் வைத்த சொட்டுகளை ராவி எடுத்தாக வேண்டும். அரத்தை எடுத்தாள், கீழே வைத்தாள்.

"இதையும் ராவிட்டா என்ன மிச்சம்?" என்றாள்.

கடைசியில் அவருடைய கேஸ் தீயையே பற்றவைத்தாள். துண்டுக் குழாய்களில் பழகிப் பார்த்துவிட்டுத்தான் பிரேமைத் தொட்டாள். சூடு ஏறினால் அவர் வைத்ததும் உருகும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும், முதல் சொட்டு இளகி அவள் ஊற்றியதோடு கலந்தபோது தீயை அணைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுது முடித்தபின் மறுபடி பற்றவைத்தாள். இணைப்புகள் கெட்டியாகத்தான் பிடித்தன. பார்க்கத்தான் சகிக்கவில்லை, ஒரே மேடு பள்ளம். சீட்டுக்குக் கீழே கடைசியாகப் போட்டது மட்டும் வழுவழுவென்று வந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அண்ணன் வேலை தெரிய வேண்டும், இணைப்புகளில் கலர் வேண்டாம் என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். அங்கே வார்னிஷ் மட்டும் அடித்தேன்.

சைக்கிளை எடுக்க வந்தவள், அண்ணன் வைத்தது எது என்று கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அக்கா குனிந்து சீட்டுக்குக் கீழே விரலை வைத்தாள்.

"இது. இது முழுக்க உங்க அண்ணன் வச்சது."

நாத்தனார் அதைத் தடவிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மற்றதெல்லாம் வேறு மாதிரி இருக்கிறதே என்றாள்.

"அதெல்லாம் நான் வச்சது. அவரு மாதிரி எனக்கு வராது" என்றாள் அக்கா.

அவர் இருந்தவரை, அவர் காது கேட்க, இதை அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.