யோசனைப் பெட்டிக்கு வந்த விண்ணப்பங்கள்

நிறுவன உளவியல் பேராசிரியர் என்று இன்று கூட்டங்களில் என்னை அறிமுகம் செய்கிறார்கள். அந்த உளவியலில் எனக்கு முதல் அடி கொழும்பு கொட்டாஞ்சேனையில் விழுந்தது.

எழுபதுகளில் நான் தற்காலிக விரிவுரையாளர். நிரந்தரமாக வேண்டுமென்றால் ஏதாவதொரு கம்பனியில் மூன்று மாதம் ஆலோசகராக இருந்து, முதலாளியிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கிவர வேண்டும். நிரந்தரமானால்தான் பெண் தருவோம் என்று வெள்ளவத்தையில் ஒரு குடும்பம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஆக, என் கல்யாணமே அந்தக் கடிதத்தில் தொங்கியது.

எனக்கு வாய்த்தது துறைமுகத்தில் சாமான் கிளியர் பண்ணும் கம்பனி. முதலாளியின் குரல் தெருமுனை வரை கேட்கும். நான்தான் பெரிய மேதாவி ஆயிற்றே! ஊழியர்கள் பேர் போடாமல் யோசனை எழுதிப் போட ஒரு பெட்டி செய்வித்துச் சுவரில் மாட்டினேன். பூட்டின் திறப்பு என்னிடம்.

முதல் வெள்ளிக்கிழமையே பெட்டி நிரம்பிவிட்டது. ஐயோ, எனக்கு வந்த சந்தோஷம்! ஒவ்வொன்றாகப் பிரித்தேன். "மகளுக்கு நல்ல மாப்பிள்ளை கிடைக்க வேண்டும்." "புருஷன் குடியை விட வேண்டும்." "கால் வீக்கம் வற்ற வேண்டும்." வேலையைப் பற்றி மருந்துக்கும் ஒரு வரி இல்லை. தலைமைக் கிளாக்கரைக் கூப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை கத்தோலிக்கக் கோயில் நவநாள் பூசைக்குத் தவறாத மனிதர் அவர்.

"கோயில்லயும் இப்பிடித்தானே சேர் விண்ணப்பம் எழுதிப் போடுறம். பூட்டின பெட்டி, பேர் தேவையில்லை எண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"அது கடவுளுக்கு ஐயா. இது எனக்கு!"

"ஓம் சேர். அவருக்கும் போட்டிருக்கிறம்."

பிரிக்காமல் மிச்சமிருந்த ஒன்றில் மட்டும், "என் மேசை கக்கூசுக்குப் பக்கத்தில், நாற்றம் தாங்க முடியவில்லை" என்று இருந்தது. அது என் கைக்கு எட்டிய காரியம். மேசையை மாற்றுவித்தேன். தொலைந்தேன்! திங்கட்கிழமை பெட்டிக்கு ஒரு மல்லிகை மாலை, கீழே எரிகிற மெழுகுதிரி.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். கல்யாணம் போச்சு என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் மெழுகுதிரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்குள்ள போடுறதை ஆர் வாசிக்கிறது?"

"நான்தான் சேர்."

"வேற ஒருத்தரும்?"

"இல்லை சேர்."

தன் அறைக்குப் போய்விட்டார். பின்னேரம் பெட்டியைத் திறந்தால், மேலேயே அவருடைய கையெழுத்தில் ஒரு துண்டு: "நான் உள்ளே வந்ததும் எல்லோரும் கதையை நிறுத்திவிடுகிறார்கள். ஏன் என்று தெரிய வேண்டும்."

பாவம், மனுஷன்! எனக்கு மனம் கரைந்துவிட்டது. காரணம் கந்தோரில் வேலைசெய்யும் எல்லோருக்கும் தெரியும். சொன்னால் கடிதம் கிடைக்காது. சொல்லாவிட்டால் நான் என்ன இழவுக்கு உளவியல் படித்தேன்? மறுநாள் அவர் அறைக்குள் போனேன்.

"சேர், நீங்க கத்துறபடியாத்தான்."

"ஆர் சொன்னது நான் கத்துறன் எண்டு!" என்று மேசையில் ஓங்கி அடித்துக் கத்தினார்.

வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றது. பேச்சு நின்றது. ஒரு தும்மல்கூட இல்லை. அவர் கதவைப் பார்த்தபடியே இருந்தார்.

பிறகு, முன்னால் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்: "உம்மட கடிதத்தை டைப் அடிச்சுக்கொண்டு வாரும். கையெழுத்து வைக்கிறன்."