பல்லுக்காரரின் இரண்டு வாக்குமூலங்கள்

தெருவே அவரைப் பல்லுக்காரர் என்று கூப்பிட்டாலும், அவர் யாருடைய வாயையும் திறந்து பார்த்தவரில்லை. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, ஒரு காகிதக் கடையின் மாடியில் இரண்டு அறைகளில் உட்கார்ந்து பல் செய்கிறவர். முழு பல்செட், பாதி செட், வேர் மட்டும் மிஞ்சிய பல்லுக்கு மேலே மாட்டும் பீங்கான் உறை, எல்லாம் செய்வார். முப்பது வருடத் தொழில். யாருக்குச் செய்கிறோம் என்று முகம் தெரியாது. ஆனால் அச்சைத் திருப்பிப் பார்த்ததுமே, இந்த ஆள் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர், இந்த அம்மா ஒரு பக்கமாகவே மெல்லுகிறவர் என்று சொல்லிவிடுவார். மற்றபடி பேச்சு குறைவு. மனைவி வழிச் சொந்தக்காரர்கள் அவரை வாயில்லாப் பூச்சி என்பார்கள். ஊருக்கே பல் செய்து தருகிற ஆளுக்கு வாயில்லை என்பதில் அவர்களுக்கு ஒரு சிரிப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முன்பல் ஒன்றுக்குத் தூரிகையால் பீங்கானை மெல்லிசாகப் பூசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் குரல்.

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி மெஷின் ஒண்ணு காணோம்னு புகார் குடுத்தீங்களா?"

"ஆமா."

"பழைய ஆஸ்பத்திரி சாமான் வாங்கி விக்கிற ஒருத்தன் மாட்டியிருக்கான். அவன் கிடங்குல உங்க மெஷினும் இருக்கு, நம்பர் ஒத்துப்போகுது. யார் வித்தாங்கன்னு ஞாபகம் இல்லைங்கிறான். வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து அடையாளம் காட்டிட்டு, ஒரு வாக்குமூலம் குடுத்துட்டுப் போங்க."

சரி என்று சொல்லி வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்தார். பீங்கான் காய்ந்து வெடித்திருந்தது. சுரண்டிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தார். அதுவும் சரியாக வரவில்லை.

காணாமல் போனது ஃபர்னஸ். பீங்கான் பல்லைச் சுட்டெடுக்கும் சின்னச் சூளை, மேசைமேல் அடங்கிவிடும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை அவர் கடையைத் திறந்தபோது அது இருந்த இடத்தில் நான்கு கால்களின் தடம் மட்டும் மிச்சம். பூட்டு உடையவில்லை. ஒரு சாவி அவரிடம், இன்னொன்று கலவையக்காவிடம்.

கலவையக்கா அவர் கடையில் மாவு கலக்கிற வேலை செய்தவர், அவரைவிட நான்கு வயது மூத்தவர். அச்சில் ஊற்றும் பிளாஸ்டர் மாவைக் குமிழி விழாமல் கலப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. ஒரு குமிழி விழுந்தால் போதும், வார்த்தெடுக்கும் மாதிரியில் கடுகளவு குழி விழுந்துவிடும், பல் உறை உட்காராது. பதினான்கு வருடம் அவர் கலந்த மாவில்தான் பல்லுக்காரரின் பெயர் நின்றது. கலவையக்கா அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

புகார் கொடுக்கப் போன அன்று ஸ்டேஷனில் கேட்டது இரண்டே கேள்வி. சாவி யார் யாரிடம்? சொன்னார். அந்தம்மா மேல் சந்தேகமா? அதற்கு அவர் பதில் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலையை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

கலவையக்காவை இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் வெளியே விட்டபோது வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது என்று காகிதக் கடைக்காரர் சொன்னார். அந்த வாரமே வீட்டுக்காரன் வீட்டைக் காலிசெய்யச் சொன்னான். அதற்கப்புறம் கலவையக்கா கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, துவைத்த துணியை மடித்துக்கொண்டே மனைவி உண்மையைச் சொன்னார். எடுத்தது மனைவியின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆணியில் தொங்கிய சாவியைக் கழற்றிக் கொடுத்தது மனைவியே. தம்பிக்கு அப்போது கழுத்தை நெரிக்கிற நெருக்கடி. "நீங்க ஸ்டேஷன் வரைக்கும் போவீங்கன்னு யாரு கண்டா? போனதுக்கப்புறம் எந்த முகத்த வச்சுக்கிட்டுச் சொல்றது?" என்று அழுதார்.

பல்லுக்காரர் இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது மத்தியானம் சாப்பிடும்போது போன் வந்த விஷயத்தைச் சொன்னதும் மனைவியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏங்க, போகாதீங்க. ஞாபகம் இல்ல, வேணாம்னு எழுதிக் குடுத்துருங்க."

"கூப்புட்டா போகாம எப்படி?"

"அப்ப போய், இது என்னோடது இல்லன்னு சொல்லிட்டு வாங்க. பன்னெண்டு வருஷமா இல்லாத நியாயம் இப்ப எங்கேருந்து வந்து குதிச்சுது?"

மனைவி கேட்டதில் தப்பு இல்லை.

மறுநாள் மைத்துனரே கடைக்கு வந்தார். இப்போது தரைக்கல் கடை வைத்திருக்கிறார், ஊரில் நாலு பேர் எழுந்து நின்று வணக்கம் சொல்கிற ஆள். நாற்காலியின் தூசியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"மாமா, நான் செஞ்சது தப்பு. இல்லன்னு யாரு சொன்னா? ஆனா ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. அந்தம்மா பேரை ஸ்டேஷன்ல சொன்னது நானா?"

பல்லுக்காரர் பல்செட்டை மெருகேற்றும் சக்கரத்தை ஓடவிட்டார். அந்த இரைச்சலில் மேற்கொண்டு பேச முடியாது. மைத்துனர் எழுந்து போனார்.

வியாழக்கிழமை அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். கலவையக்கா அங்கே துணிக்கிடங்கில் வேலை செய்வது இரண்டு வருடமாகவே அவருக்குத் தெரியும். பல் பிரிவுக்கு ஒரு செட்டைக் கொடுக்க வந்த நாளில், போர்வை வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தவரைக் கண்டதும் சட்டென்று பக்கத்து வராந்தாவில் திரும்பி நடந்திருக்கிறார்.

கிடங்கு கீழ்த்தளத்தில் இருந்தது. சலவையிலிருந்து வந்த விரிப்புகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கலவையக்கா கிழிந்தவற்றைத் தனியே பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"வாங்க சார். என்ன விஷயம்?"

பதினான்கு வருடம் தம்பி என்ற வாய். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மெஷின் கிடைத்தது, எடுத்தது யார், சாவி எப்படிப் போனது, எல்லாம். சொல்லச் சொல்லக் கலவையக்காவின் கை விரிப்புகளைப் புரட்டிக்கொண்டே இருந்தது.

"யாருன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"எட்டு மாசத்துலயே தெரியும்கா."

கை நின்றது.

"எட்டு மாசத்துல. அப்ப என் பொண்ணு பள்ளிக்கூடத்துல கடைசி வருஷம். திருடி பொண்ணுன்னு கூட உக்கார மாட்டேன்னாளுங்க, பாதியிலயே நின்னுட்டா. நீங்க அன்னைக்கு வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பரீட்சை எழுதியிருப்பா."

"நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போறேன். உங்க மேல எந்தத் தப்பும் இல்லன்னு எழுதிக் குடுக்கப் போறேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

கலவையக்கா சிரித்தார். நல்ல சிரிப்பாக அது இல்லை.

"என் மருமகனுக்கு இது எதுவும் தெரியாது. இங்க ஒருத்தருக்கும் தெரியாது. சாவிக்கொத்தையே என் இடுப்புல விட்டுருக்காங்க. என் மேல பழி இல்லன்னு நீங்க சொல்லணும்னா, பழி இருந்துச்சுன்னு முதல்ல சொல்லணும்ல? உங்க மனசு ஆறணும்னு நான் மறுபடி அந்த வாசல்ல போய் நிக்கணுமா?"

"அப்ப போக வேணாங்கிறீங்களா?"

"அது உங்க பாடு. உங்க மச்சானப் புடிச்சு உள்ள வைங்க, இல்ல தோள்ல தூக்கி வச்சுக்குங்க. என் பேரு மட்டும் உங்க வாயில வரக்கூடாது. ஒரு தடவ வந்ததே போதும்."

மன்னிச்சிருங்கக்கா என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள், "அந்தத் துணிக்கட்டை இப்படித் தள்ளுங்க, வழிய மறைக்குது" என்றார் கலவையக்கா. பல்லுக்காரர் துணிக்கட்டைத் தள்ளிவைத்தார். பிறகு நிற்பதற்குக் காரணம் இல்லாததால் படியேறி வெளியே வந்தார்.

இனி எதற்குப் போவது என்று வீடு வரும்வரை யோசித்தார். போகாவிட்டால் மனைவிக்கு நிம்மதி, மைத்துனருக்கு நிம்மதி, கலவையக்காவுக்கும் நிம்மதி. அவருக்கு மட்டும்தான் இல்லை, அது அவருக்கு ஒன்றும் புதிதல்ல. போகவேண்டாம் என்றே முடிவுகட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளறையில் மனைவி தம்பியோடு போனில் பேசுவது கேட்டது. காது மந்தம் என்பதால் மனைவி எப்போதும் போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவார். "நீ ஏன்கா பதறுற? அந்தப் பூச்சி எங்க போகப்போகுது? நாலு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும், அப்புறம் சோறு போட்டா திங்கும்" என்றது மைத்துனரின் குரல். மனைவி அதற்கு மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் நியாயத்துக்காகப் போனார் என்று சொன்னால் பொய்யாகிவிடும். அந்தக் குரலுக்காகத்தான் போனார். கடைக்குத் திரும்பும் முனையில் திரும்பாமல் நேரே நடந்தார்.

இன்ஸ்பெக்டர் இளவயதுப் பெண். போனில் பேசியதும் அவரே. மரியாதையாக உட்காரச் சொன்னார். ஃபர்னஸ் சுவரோரம் தரையில் கிடந்தது, கதவு கழன்று, உள்ளே எலி கடித்த வயரோடு. அதன் இடது பக்கத்தில் இருந்த பழைய கருகல் தடத்தைக் காட்டி, என்னுடையதுதான் என்றார். எடுத்தது யார் என்று தெரியுமா என்று கேட்டார்கள். மைத்துனரின் பெயரையும் கடை விலாசத்தையும் சொன்னார்.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"பதினோரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொந்தம்."

இன்ஸ்பெக்டர் அந்த ஒரு சொல்லையும் எழுதிக்கொண்டார். பிறகு பழைய கோப்பை எடுத்துப் புரட்டினார். மொத்தம் நான்கு தாள்.

"அந்த நேரத்துல இங்க இருந்தவங்க யாரையாச்சும் பிடிச்சு விசாரிச்சாங்களா? இதுல ஒண்ணும் காணோம். துப்பு கிடைக்கலன்னு எழுதி மூடிட்டாங்க."

பல்லுக்காரர் அந்தத் தாள்களையே பார்த்தார். கலவையக்கா அங்கே இருந்த இரண்டு பகலும் இரண்டு இரவும் அந்த நான்கு தாளில் எங்கேயும் இல்லை. வீங்கிய மணிக்கட்டும் இல்லை. அந்தத் தாளைப் பொறுத்தவரை அவர் அந்த வாசலை மிதித்ததே கிடையாது.

"நீங்க யார் மேலயாவது சந்தேகம் சொன்னீங்களா, அப்ப?"

ஆமாம் என்றால் பெயரைக் கேட்பார்கள். இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். இந்தமுறை அவர் தலையைக் குனியவில்லை.

"இல்ல. யார் மேலயும் சொல்லல."

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். புகார்தாரர் எவர் மீதும் சந்தேகம் தெரிவிக்கவில்லை என்ற வரியும் அதில் இருந்தது. மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

மைத்துனரை இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். வக்கீலோடு போய், மாமாதான் பழசென்று தூக்கிப்போடச் சொன்னார், நான் விற்றுவிட்டேன், இப்போது குடும்பச் சண்டையில் மாற்றிப் பேசுகிறார் என்று எழுதிக் கொடுத்தார். அக்காவும் அதற்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். வழக்கு சாமான் வாங்கியவனோடு நின்றுபோனது. சொந்தத்தில் ஒருவரும் பல்லுக்காரரோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்த வீடு என்று மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். இருபது நாளில் அங்கேயும் ஒத்துவராமல் திரும்பி வந்தார். வந்த அன்றே வீட்டைப் பெருக்கி, அடுப்பைத் துடைத்து, தனக்கு மட்டும் பக்கத்து அறையில் பாயை விரித்துக்கொண்டார்.

மெஷினை வந்து எடுத்துப்போகும்படி ஸ்டேஷனிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. பல்லுக்காரர் போகவில்லை. மூன்றாவது தடவை, யாரும் வராவிட்டால் பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிடுவோம் என்றார்கள். போட்டுருங்க என்று சொல்லி வைத்துவிட்டு, டாக்டர் அவசரம் என்று எழுதி அனுப்பியிருந்த கீழ்வாய் அச்சில் தானே கலந்த மாவை ஊற்றினார்.