கன்னியம்மா கல் இடம் மாறியது

சித்தூர் ஆந்திராவோடா, மெட்ராஸோடா என்று ஊரே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம். எனக்கு அந்தக் கவலையே இல்லை. எங்கள் முக்கால் காணி நெல் பால் பிடித்திருந்தது. இன்னும் நாலைந்து நாளில் தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதராகிவிடும்.

நாராயணவனத்துக்குக் கீழே ஆறு இரண்டாகப் பிரியும். சின்னக் கிளை எங்கள் ஊர்ப்பக்கம் வரும். அந்த வருஷம் மேலே புதுக் கால்வாய் வெட்டி, கிளைத் தண்ணீரை வேறொரு ஏரிக்குத் திருப்பிவிட்டார்கள். எங்களுக்கு மணல்தான் மிச்சம். கால்வாய் மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன். "ஈ பாய சச்சிபோயிந்தம்மா" என்றார். இந்தக் கிளை செத்துவிட்டதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதுவாகச் சாகவில்லை, நீங்கள்தான் கழுத்தை நெரித்தீர்கள் என்று தெலுங்கிலேயே சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறு காய்ந்தால் எங்கள் ஊரில் ஊத்துக்கால் வெட்டுவார்கள். மணலில் நீளமாகப் பள்ளம் பறித்தால், அடியில் ஓடும் தண்ணீர் ஊறி வயலுக்கு வழியும். ஆற்று மணலில் சாமியாக நட்டு வைத்திருக்கும் கன்னியம்மா கல்லுக்கு மஞ்சள் பூசி, அதன் முன்னால்தான் என் மாமனார் முதல் வெட்டு வெட்டுவார். அந்த வருஷமும் அங்கேயே வெட்டினார்கள். மூன்று நாளில் ஆளுயரம் இறங்கியும் ஈரம்கூடத் தட்டவில்லை.

நான் தினம் எருமை ஓட்டிப்போகிறவள். புதுக் கால்வாய்க் கரைக்கு நேர் கீழே, முன்பு முள் மட்டுமே இருந்த மணலில் கோரை பச்சைப்பசேலென்று எழுந்திருந்தது. எருமைக் குளம்பு பதிந்த குழிகளில் தண்ணீர் நின்றது. கால்வாய் கொண்டுபோன தண்ணீர் கரைக்கு அடியில் கசிந்து ஆற்றுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மாமா, கோரை இருக்கிற எடத்துல வெட்டலாமே" என்றேன்.

"கல்லு இங்க கீது. எங்க நைனா காலத்துலேர்ந்து இங்கதான் வெட்டிக்கினு வர்றோம்."

"கல்லு அங்க இருந்தா அங்க வெட்டுவீங்களா?"

"வெட்றேன், போ" என்றார், விளையாட்டாக.

அவர்கள் கூழ் குடிக்க உட்கார்ந்ததும், சும்மாடு கூட்டி, கல்லைப் பெயர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். அத்தனை பேரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். கோரை நடுவில் அதை இறக்கி வைத்தேன். "தண்ணி இல்லாத எடத்துல அவ இன்னாத்துக்கு உக்காந்துக்கினு இருக்கணும் மாமா?"

மாமனார் முகம் சிவந்துபோயிற்று. ஆனால் கல் இருக்கும் இடத்தில் வெட்டாமல் இருக்க அவரால் முடியாது. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார்.

இடுப்பளவு இறங்குவதற்குள் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. மறுநாள் எங்கள் மடை நிறைந்து ஓடியது. செத்த கிளையாம்! வயலில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் போகத்தில் தூற்றிய நெல்லில் பதர் தேடினாலும் கிடைக்கவில்லை.

பிறகு எல்லை முடிவாகி, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அடுத்த கோடையில் மாமனார் மண்வெட்டியோடு நேராக மாட்டுக்கொட்டகைக்கு வந்தார்.

"எருமை எங்க மேஞ்சிக்கினு கீது? கல்லை எங்க வெக்கணும், சொல்லும்மா" என்றார்.