இறக்கத்தில் நீட்டிய பிள்ளை

மலைக்காய்ச்சல் என்னை இரண்டு மாதம் பாயோடு பாயாகப் போட்டு வைத்திருந்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம், எங்கள் கொல்லிமலைக்கு ரோடு வரவில்லை. பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கியவர்கள் வாங்கி வந்த கொயினா மாத்திரையை விழுங்கிக் காது இரைந்ததுதான் மிச்சம். அதற்குள் என் மனைவிக்குத் தாய்வீட்டில் தலைச்சன் பிறந்துவிட்டது. நான் இன்னும் முகம் பார்க்கவில்லை. அந்த நினைப்பு வந்துவிட்டால் படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. கூரை மூங்கிலை எத்தனை தடவைதான் எண்ணுவது?

எங்கள் வீட்டில் தலைச்சன் பிள்ளையைத் தகப்பன்தான் ஏந்தி வந்து சேர்க்க வேண்டும். வழியில் கை மாறினால் பிள்ளைக்கு அப்பன்மேல் ஒட்டுதல் வராது என்பாள் அம்மா.

காய்ச்சல் விட்ட நாலாம் நாளே கிளம்பினேன். இன்னும் பத்து நாள் போகட்டும் கண்ணு என்று அம்மா மறித்தாள். போகும்போதுதான் ஏற்றம், பிள்ளையோடு வரும்போது முழுக்க இறக்கம், அதில் என்ன சிரமம் என்று அவள் வாயை அடைத்தேன். மலைக்காரர்கள் நாங்கள் இறக்கத்தை நடை என்றே சேர்த்துக்கொள்வதில்லை. அந்தத் திமிர்தான்.

வழியில் செம்மேடு ஊரைத் தாண்டுவதற்குள் கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிவிட்டன. பத்தடிக்கு ஒரு தரம் நின்று பிசைந்தேன். எதிரே யாராவது வந்தால் முள் எடுப்பதுபோல் குனிந்துகொண்டேன். மாமனார் வீட்டு வாசலில் மட்டும் மாப்பிள்ளை மிடுக்கோடு நிமிர்ந்து நடந்தேன். சாமைச்சோறு போட்டார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதே என்ற பயத்தில், வேண்டாம், நேரமாகிறது என்று நின்றபடியே அவசரப்படுத்தினேன். பிள்ளைமேல் அவ்வளவு ஆசை என்று எல்லோரும் சிரித்தார்கள்.

பெண் பிள்ளை. கைக்கு வந்ததும் தூங்கிப்போனாள். மனைவி பின்னால் வர, இறக்கம் தொடங்கியது. ஏறும்போது வலித்த கால், இறங்கும்போது சொன்ன பேச்சே கேட்கவில்லை. அடிக்கு அடி நடுங்கியது. ஈரப் பாறையொன்றில் வழுக்கி, ஒரு கையால் கொடியைப் பிடித்துத் தப்பினேன். எனக்கு உயிர் போய் வந்தது. பிள்ளை கண்கூடத் திறக்கவில்லை. அம்மா சொன்ன பத்து நாள் பொறுக்காத என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

பின்னால் வந்த மனைவியிடம் பிள்ளையை நீட்டினேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கால் நிக்க மாட்டேங்குது புள்ள. நீயே வாங்கிக்க."

அவள் வாங்கவில்லை. பாறையில் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்து, தன் கெண்டைக்காலைப் பிசைய ஆரம்பித்தாள்.

"புள்ள பொறந்ததுலருந்து நானும் படுத்துத்தானுங்க கெடந்தேன். நீங்க எப்ப நிப்பீங்கன்னு பாத்துட்டே வந்தேன்."

அவள் எப்படி இருக்கிறாள் என்று மாமனார் வீட்டில் நுழைந்ததிலிருந்து நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்புறம் வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து, பொழுது சாயும் நேரத்தில் வீடு சேர்ந்தோம். பிள்ளை கை மாறவில்லை.