அற்புதம் தூக்கிய மாதா

அற்புதத்துக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து வாயில் அதிகம் வந்த சொல் "கிளம்புங்க" என்பதுதான். கணவர் பாக்கியநாதன் நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் ஜெபத்துக்கு உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார். தாலி கட்டிய அன்றே ஏற்காட்டிலிருந்து இறங்குகிற கடைசி பஸ்ஸை ஜெபத்தில் விட்ட மகராசன் அவர். இவள் எஸ்டேட் வேலை முடிந்து வந்து, சோறாக்கி, ஜோஸ்லினையும் சந்தோஷையும் படிக்க வைப்பதற்குள் அவருக்கு ஒரு ஜெபமாலை முடியாது.

போன வருஷ அக்டோபரில் விடாத மழை. ஜெபமாலை மாதம் என்பதால் சர்ச்சிலிருந்து மாதா சிலை, அதாவது சுரூபம், நாளுக்கொரு வீடாகப் போய்த் தங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் இவர்கள் வீட்டுக்கு வந்தது. மறுநாள் சாயங்காலம் அடுத்த முறைக்காரரான பிரிஸ்கில்லா வீட்டார் வந்து எடுத்துப் போக வேண்டும், மழையில் அவர்கள் வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்குப் பின்னாலிருந்த மண்மேடு விரிசல் விட்டு வெடித்தது. சமையலறைச் சுவரடியில் செம்மண் தண்ணீர் ஊறியது. அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் சர்ச் மண்டபத்துக்குப் போய்விட்டது.

"ஏனுங்க, கிளம்புங்க. மேடு வெடிச்சிருச்சு."

"மாதா நம்மூட்டுல தங்கியிருக்காங்க. விருந்தாளியை உட்டுட்டுப் போவாங்களா? அவங்க இருக்கிற ஊட்டுக்கு ஒன்னும் ஆவாது."

"அப்ப அவங்களையும் கூட்டிட்டுப் போலாம்."

"பிரிஸ்கில்லா ஊட்டுக்காரங்க வந்து, பாட்டுப் பாடி, முறையா எடுக்கோணும். நாமளா எடுக்கக் கூடாது."

முறையாம், பெரிய முறை! இந்த மனிதரை என்னதான் செய்வது? பின்பக்கம் பலாமரம் முனகியது. சந்தோஷ் அழ ஆரம்பித்துவிட்டான்.

"சூசையப்பருக்குக் கனவுல தேவதூதர் ஒரு வார்த்தை சொன்னதுக்கே, மாதாவையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டு எகிப்துக்குக் கிளம்பிட்டாரு. உங்களுக்கு மலையே வந்து சொல்லுது. இன்னும் யாரு வந்து சொல்லோணும்?"

அவர் கண்ணை மூடி அடுத்த மணியை உருட்டினார்.

அவ்வளவுதான். அற்புதம் சுரூபத்தை மாலையோடு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "தாயே, நீயும் புள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடுனவதானே. கோவிச்சுக்காதே" என்று மழையில் இறங்கினாள். ஜோஸ்லின் தம்பியை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"அடியே, மாதா நனையறாங்க!"

குடையோடு பாய்ந்து வந்தார் பாக்கியநாதன். மண்டபம் வரைக்கும் குடை மாதாவுக்கு மேலேதான் இருந்தது. பெண்டாட்டி பிள்ளைகள் தொப்பலாக நனைந்தார்கள்.

விடிந்து போய்ப் பார்த்தால் பாதி வீடு மண்ணுக்குள். அவர் உட்கார்ந்திருந்த பாயும் அதற்குள்தான். மண்டபத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் அவர் கண்கலங்கச் சொன்னார்: "மாதாதாங்க எங்களைக் கூட்டிட்டு வந்தாங்க."

அற்புதம் சுரூபம் சுமந்து வீங்கிய கைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டுங்க. நானும் புள்ளைங்களும் மட்டும் மழையில எறங்கியிருந்தா, குடையை எடுத்துக்கிட்டு ஓடியாந்திருப்பீங்களா?"

பாக்கியநாதன் ஜெபமாலையைக் கையில் எடுத்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, அவள் கையிலிருந்த தைலப் புட்டியை வாங்கிக்கொண்டார்.