சூலம் போட்ட கொக்கிப் பின்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப்போட்டேன். எழுதப்போவது என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகனைப் பற்றி, எனக்குக் கொழுந்தனார் முறை. ஒரே குலசாமி, ஒரே தெரு. அவருடைய மகள் கல்யாணம் முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன தை மாதம் அது நல்லபடியாக முடிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். நினைத்த பூவே வந்தது. எழுதுகிறேன்.

நாங்கள் ஒரகடம் பக்கம் டிராக்டரில் தண்ணீர் அடித்துப் பிழைப்பவர்கள். கம்பெனிப் பிள்ளைகள் தங்கும் விடுதிகளுக்கு டேங்கரில் தண்ணீர் போகும். தண்ணீர் இல்லாத நேரத்தில் டேங்கரைக் கழற்றிவிட்டு லோடு டிரெய்லரை மாட்டி ஜல்லி, செங்கல் ஏற்றுவோம். டேங்கருக்குக் கொக்கி மேலே இருக்க வேண்டும், டிரெய்லருக்குக் கீழே. அதற்காக டிராக்டரின் பின்பக்கத் தகட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். கொக்கியை வேண்டிய உயரத்தில் வைத்து, கட்டைவிரல் பருமனுள்ள இரண்டு இரும்புப் பின்களைச் சொருகி நிறுத்துவோம். அந்தப் பின்களை மண்ணூர் லேத் பட்டறையில் கடைந்து வாங்கியபோது, தலையில் சின்னதாகச் சூலம் ஒன்று கொத்திக் கொடுக்கச் சொன்னேன். என் வீட்டுக்காரரின் உயிர் அதில் நிற்கிறதே என்ற பயபக்திதான்.

ஒரு மத்தியானம் அவர் லோடு இறக்கிவிட்டு வந்து, கொக்கியை மேலே ஏற்றுவதற்காகப் பின்களை உருவி மட்கார்டு மேல் வைத்தார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இரண்டையும் காணவில்லை. நடுவில் வந்து போனது ஒரே ஆள், ஸ்பேனர் கேட்டு வந்த கொழுந்தனார். அவருக்கும் எங்களைப் போலவே டிராக்டர், டேங்கர், டிரெய்லர் எல்லாம் உண்டு. போய்க் கேட்டேன்.

"இன்னா அண்ணி, பின்னை நான் துண்ணவா போறேன்? அண்ணன் எங்கனா வச்சிட்டு மறந்திருப்பாரு. வயசாவுதில்ல?" என்று சிரித்தார்.

சாயங்காலத்துக்குள் பெண்கள் விடுதிக்குத் தண்ணீர் போயாக வேண்டும். அந்தப் பிள்ளைகள் ஷிப்ட் முடிந்து வந்து குளிக்கக் காத்திருப்பார்கள். இவர் ஸ்ரீபெரும்புதூர் கடையில் சாதாரண போல்ட் இரண்டு வாங்கி மாட்டிக்கொண்டு கிளம்பினார். பிள்ளைப்பாக்கம் திருப்பத்தில் ஏதோ கிறீச்சென்று கேட்க, வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் பார்த்திருக்கிறார். அந்த நேரம் போல்ட் அறுந்து, டேங்கரின் இழுவைக் கம்பி அவர் பாதத்தின் மேல் விழுந்தது. வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

விரல் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "அண்ணன் தண்ணி போட்டுட்டு ஓட்டினாரு, பின்னை எங்க வச்சோம்னே தெரியாத அளவுக்கு" என்று கொழுந்தனார் டீக்கடையில் சொன்னது என் காதுக்கு வந்தது. அந்த மனுசன் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. விடுதிக்காரர்கள் அதை நம்பி, தண்ணீர் சப்ளையைக் கொழுந்தனாருக்கே கொடுத்துவிட்டார்கள். இவர் நொண்டிக்கொண்டு தெருவில் போனால் வாயை மோந்து பார்க்கிற மாதிரி கிட்டத்தில் வந்து பேசினார்கள். இவர் தெருவில் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

கொழுந்தனாரைக் கோயிலுக்குக் கூப்பிட்டு, தெருவே பார்க்கக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். அசங்காமல் செய்தார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, "நான் எடுக்கல, அம்மன் சாட்சி" என்றார். அத்தோடு ஊர் அவர் பக்கம் போய்விட்டது.

புதுப் பின்கள் வாங்க மண்ணூருக்கு நானே போனேன். "சூலம் கொத்தணுமாக்கா?" என்று பட்டறைக்காரர் கேட்டார்.

"வேணாம்பா. சூலம் போட்டது வெளியில கீது. அது கெடைக்கிற வரைக்கும் இது மொட்டையாவே இருக்கட்டும்."

அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எலுமிச்சை விளக்கு ஏற்றினேன். நல்ல வேண்டுதல் என்று பொய் சொல்ல மாட்டேன். 'அவன் வாயாலே இல்லை, அவன் கையாலே கொண்டுவந்து கொடுக்க வை தாயே' என்று கேட்டேன். மற்றவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கு விளக்கு ஏற்றினார்கள். நான் இதற்கு ஏற்றினேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் தெருவில் அன்றைக்கு எல்லா டிராக்டரும் கோயில் முன்னால் வரிசையாக நிற்கும். ஆண்கள் வண்டியைக் கழுவுவார்கள். கழற்றிய பின்கள், கொக்கி, ஸ்பேனர் எல்லாவற்றையும் பெரிய தாம்பாளங்களில் கொட்டுவார்கள். பெண்கள் உட்கார்ந்து தேய்த்து, சந்தனம் வைத்து, அம்மன் முன்னால் அடுக்குவோம். ஒருவர் சாமான் வராவிட்டால் ஊரே கேட்கும். கொழுந்தனாரும் கொண்டுவந்து கொட்டினார். அவர் பின்களுக்குக் கெட்டியாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார். அந்தப் பெயின்டை நம்பிவிட்டார்.

அந்தத் தாம்பாளத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஓரகத்தி, அதாவது அவர் மனைவி, "நீங்க ஏங்க்கா, நான் தேய்க்கிறேன்" என்றாள். "சாமி காரியம், யார் தேய்ச்சா இன்னா" என்றேன். மண்ணெண்ணெய் ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் ஒரு பின்னின் தலையைத் தேய்த்தேன். பெயின்ட் செதில் செதிலாக வந்தது. முதலில் நடு முனை தெரிந்தது. அப்புறம் இரண்டு பக்கமும்.

நான் கத்தவில்லை. இரண்டாவதையும் தேய்த்தேன். இரண்டு சூலத்துக்கும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, அம்மன் முன்னால் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தினேன். மேளம் அடித்துக்கொண்டிருந்தவரே நிறுத்திவிட்டார். சூலம் போட்ட பின்கள் யாருடையவை என்று தெருவில் தெரியாதவர்கள் கிடையாது.

டீக்கடைக்காரர்தான் வாயைத் திறந்தார். "இன்னாபா, கற்பூரம்லாம் அணைச்சியே?"

கொழுந்தனார் முன்னால் வந்தார். பின்களை எடுத்து என் பக்கம் நீட்டினார். "எடுத்துக்கோ அண்ணி. ஏதோ புத்தி கெட்டுப்போய்…"

அவர் கையாலேயே வந்தது. நான் வாங்கவில்லை.

"வேணாம் தம்பி. எங்களுக்கு வேற கீது. இது உன் வண்டியிலயே இருக்கட்டும். கொக்கிய ஏத்தி எறக்கும்போதெல்லாம் இந்தச் சூலத்த உன் கையாலயே கழட்டி மாட்டு."

என் வீட்டுக்காரர் நொண்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். "வூட்டுக்குப் போலாம் வா" என்றார். விரல் போனதற்கு அப்புறம் தெருவில் அவர் சத்தமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். அந்த மாதமே டீக்கடைக்காரர் விடுதிக்குப் போய் நடந்ததைச் சொல்லி, சப்ளை எங்களிடம் திரும்பி வந்தது.

கொழுந்தனார் அந்தப் பின்களை ஒரு முறை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். கொண்டுபோய் அவர் வண்டியிலேயே மாட்டிவிட்டு வந்தேன். அவற்றைக் கழற்றத் தைரியம் இல்லாமல் லோடு டிரெய்லரையே விற்றுவிட்டார். டேங்கர் மட்டும் என்றால் கொக்கியை ஏற்றி இறக்க வேண்டாமே. ஆனால் ஆயுத பூஜைக்கு மட்டும் கழற்றியே ஆக வேண்டும். கழற்றிக் கொண்டுவருவார். சந்தனம் நான்தான் வைக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எங்கள் தெருவிலேயே சிலர், கடைசியில் அவர் என் காலில் விழுந்தார், நான் மன்னித்துவிட்டேன் என்று அழகாக ஒரு முடிவு சேர்த்துச் சொல்கிறார்கள். அவர் விழவில்லை. நான் மன்னிக்கவில்லை. அதைச் சேர்க்காதீர்கள்.