நூல் அறாத அறை

சங்கரசுப்பு அண்ணாச்சியைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஆசைதான். வாய் வரவில்லை. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் பெண்டாட்டியை அவர் அளவுக்குத் தாங்கியவர் யாருமில்லை. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். முன்பக்கம் விசைத்தறி ஓடும் தகரக் கொட்டகை, பின்பக்கம் குடியிருப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாடத்தி மதினி அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றினாள். பஞ்சுத் தூசி கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சில் இறங்கிவிட்டது. வாசலுக்கு வந்து போவதற்குள் மூச்சு வாங்கும். வெயில் காலத்தில் கேட்கவே வேண்டாம். தூசி இல்லாத, சூடு இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டால் இன்னும் ரொம்ப வருஷம் இருப்பார் என்று டாக்டர் சொன்னார்.

ஏசி மாட்டச் சொன்னோம். "அது வறட்டுக் காத்து, ஆகாது" என்று அண்ணாச்சி தட்டிவிட்டார். பிறகு ஒரு நாள் போனில் ஒரு வீடியோ அவர் கண்ணில் பட்டது. ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம் தோண்டி நீளமாகக் குழாயைப் புதைக்க வேண்டும். ஒரு முனை வெளியே, மறுமுனை அறைக்குள். சின்ன ஃபேன் வைத்து இழுத்தால் வெளிக்காற்று மண்ணுக்குள் போய்ச் சூடாறி வரும். மார்கழியில் அதுவே இளஞ்சூடாக வருமாம்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மதினி கேட்டாள்: "இந்தாங்க, குழாயச் சரிவாப் போட்டு, உள்ள வேர்க்குற தண்ணி வடிய வழி வைக்கணும்னு சொல்லுதாரே?"

"தண்ணி வடிஞ்சிட்டா ஈரம் எங்கனட்டி இருக்கும்?" என்றார்.

தறிக்காரர் புத்தி. காற்று காய்ந்தால் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் பட்பட்டென்று அறும். அதனால் கோடையில் தரையெல்லாம் தண்ணீர் தெளிப்பார்கள், ஈரச் சாக்கைத் தொங்கவிடுவார்கள். விவரம் தெரிந்த நாள் முதல் அவருக்கு ஈரக்காற்றுதான் நல்ல காற்று. நூலுக்கு நல்லது நெஞ்சுக்கும் நல்லது என்று முடிவுகட்டிவிட்டார். ஜேசிபி வந்து கொல்லையைக் கிழித்தது. குழாயை மட்டமாகப் படுக்கவைத்து மூடினார். வெளி வாயைக் கொட்டகைச் சன்னலை ஒட்டி நிறுத்தினார். அங்கேதான் இடம் இருந்தது.

சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் போனால் சிலுசிலுவென்று இருந்தது. தெருவே வந்து நின்று பார்த்தது. மதினியும் கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கினாள். அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை.

ஆடி பிறந்ததும் அறைக்குள் ஊறவைத்த சாக்கு நாற்றம் வந்தது. மதினிக்கு இருமல் நிற்கவில்லை. "குழாய அடச்சிருங்க. என்னமோ கெட்ட வாடை வருது" என்று கெஞ்சினாள்.

அண்ணாச்சி கொட்டகையிலிருந்து பாவு நூல் கொண்டுவந்து, குழாய் வாய்க்கு முன்னால் கட்டித் தொங்கவிட்டார். சாயங்காலம் சுண்டி இழுத்துப் பார்த்தார். "பாத்தியா? நூலே அறமாட்டேங்கு. இதவிட நல்ல காத்து எங்கனட்டி கெடைக்கும்?" என்றவர், ஈரம் போதவில்லை என்று குழாய் புதைத்த இடத்தில் குடம் குடமாகத் தண்ணீர் வேறு ஊற்றினார்.

ஒரு நாள் அவள் பழைய சேலையைச் சுருட்டிக் குழாய் வாயில் திணித்துவிட்டாள். அவர் திட்டவில்லை. சேலையை உருவி, மடித்து அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு, குழாய் வாயில் கம்பிவலை போட்டு ஸ்குரூ முடுக்கினார். "கிறுக்குத்தனம் பண்ணாத மக்கா. ஒனக்காகத்தான்" என்று நெற்றியைத் தடவிக்கொடுத்தார்.

ஐப்பசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெக்கையான வார்டு. அங்கே மதினி நன்றாக மூச்சு விட்டாள். என்னிடம் இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "அண்ணாச்சி, வீட்டுக் காத்துதான் மதினிக்குச் சேரல" என்று சொல்லிப் பார்த்தேன். "மருந்து வேலை செய்யுதும்மா" என்றார். வீட்டுக்கு வந்ததும், கட்டிலைத் தறிப் பக்கம் போடச் சொல்லி மதினி அழுதாள்.

"அங்கன பஞ்சுட்டி. செத்துப் போயிருவ."

மார்கழியில் அந்த அறைக்குள்ளேயே செத்துப்போனாள். கடைசியாகக் கையை நீட்டிக் குழாயைத்தான் காட்டினாள். குளிருக்கு வெதுவெதுப்பு கேட்கிறாள் என்று நினைத்து அண்ணாச்சி ஃபேனைக் கூட்டிவைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

காரியம் முடிந்ததும், சாவுக்கு வந்திருந்த அவர்கள் மகள் காவியா கம்பிவலையைக் கழற்றிக் கம்பு விட்டு இழுத்தாள். தண்ணீரில் ஊறி அழுகிய பஞ்சு, கறுப்பாக, பூசணம் பூத்து, கொத்துக்கொத்தாக வந்தது. "இதத்தாம்பா அம்மா குடிச்சிட்டுக் கெடந்திருக்கா" என்று கத்தினாள். அண்ணாச்சி அதைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். அழுதார். நிஜமாகவே அழுதார், நடிப்பில்லை.

அடுத்த மாதம் என் சுவர் அதிர்ந்தது. என்னவென்று போய்ப் பார்த்தேன். மதினியின் கட்டில் கொல்லையில் கிடந்தது. அவள் கிடந்த இடத்தில் ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது. குழாயைக் கழுவிவிட்டுக் கம்பிவலையை மறுபடி மாட்டியிருந்தார்.

"நூலு அறவே இல்லம்மா" என்றார் அண்ணாச்சி. கண் கலங்கியிருந்தது. "இத மொதல்லயே தறிக்கு வச்சிருக்கணும்."

அவரை அறையலாம் போலிருந்தது. தறிச் சத்தத்தில் நான் ஏதாவது சொல்லியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது.